இன்னைக்கு என்ன கொழம்பு?

சைவச் சமையல் என்ன பெரிய வேலையா, காயை நறுக்கிப் போட்டுக் கொதிக்க விட்டால் ஆயிற்று என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று வரும். சங்கரன்கோவிலில் ஒரு வளவு வீட்டில் மூன்று வருஷம், முட்டை ஓடு கூட வாசலில் விழாமல், சைவம் மட்டுமே சமைத்தவள் நான். விரதமா என்றால் இல்லை. வேண்டுதலா என்றால் இல்லை. என் வீட்டுக்காரர் சொன்ன ஒரே ஒரு பொய்க்காக.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு அந்த ஊருக்கு மாற்றலானது. முதலில் கிடைத்த வீடு ஊருக்கு வெளியே. வீடு நல்ல வீடுதான், தண்ணீர்தான் சனியன். வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றினால் ஒன்பது மணிக்கும் பானைக்குள் கல்லாகக் கிடக்கும். விறகுதான் எரிந்து தீரும். சோடா உப்புப் போட்டால் வெந்த மாதிரி பாவனை காட்டும், வாயில் வைத்தால் சவர்க்காரம் கரைத்த மாதிரி இருக்கும். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க அம்மை வச்சா பருப்பு வெண்ணெயா இருக்கும்" என்பார். உங்கள் அம்மை வந்து இந்தத் தண்ணீரில் வைக்கட்டும், பார்க்கலாம் என்பேன். இப்படியே எட்டு மாதம் பருப்போடும் அவரோடும் மல்லுக்கட்டினேன்.

அப்புறம்தான் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வளவில் வீடு காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக நாலு வீடு, நடுவில் முற்றம், முற்றத்து மூலையில் கிணறு. நான் வீட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்தேன். இளநீர் தோற்றது. இந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் மூன்றாவது கொதியில் மலர்ந்துவிடும் என்று நாக்கு சொல்லிவிட்டது. இருந்தால் இந்த வீட்டில்தான் இருப்பது என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன்.

வீட்டுக்காரம்மா படியில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, காதில் சிவப்புக்கல் கம்மல். வாடகை, முன்பணம் எதுவும் பேசவில்லை. ஒரே கேள்விதான்.

"நீங்க சைவம்தான?"

அந்தக் காலத்தில் வீடு கொடுக்கிறவர்கள் நீங்கள் என்ன ஆள் என்று நேரடியாகக் கேட்க மாட்டார்கள். சைவமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"சுத்த சைவம் மதினி. எங்க வீட்டுல வெங்காயத்தையே யோசிச்சுத்தான் உரிப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் காடு கரை உழுகிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை கறியோ மீனோ இல்லாவிட்டால் என் அப்பா சாப்பாட்டில் உட்காரவே மாட்டார். என் வீட்டுக்காரர் வீடோ அதற்கும் ஒரு படி மேலே. திரும்பி வரும்போது தெரு என்றும் பார்க்காமல் ஏசினேன். அவர் சிரித்தார்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணலாங்காவ. ஒரு பொய் சொல்லி வீடு பிடிக்கக் கூடாதா? உனக்குக் கிணறு வேணுமா, வேண்டாமா?"

கிணறு வேண்டும். அங்கேதான் நான் தோற்றேன்.

வாரத்தில் ஆறு நாள் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் ஊரில் யார் தினமும் கறி தின்றார்கள்? ஆறு நாளும் புளிக்குழம்பு, பருப்பு, கீரை, துவையல்தான். ஏழாவது நாள்தான் தலைவலி. அதுவும் யாருக்கு? எனக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியானால் அவர் சட்டையை மாட்டுவார். "ஒரு ஆளைப் பாத்துட்டு வாரேன்." ஒன்றரை மணிக்கு வெற்றிலைச் சிவப்பேறிய வாயோடு, கண்ணில் தூக்கம் சொக்க வருவார். அந்த ஆள் பிரியாணியாக இருந்தாரா, மீன் வறுவலாக இருந்தாரா என்று ஏப்பத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். பொய் சொன்னவர் வாய் மணக்க வருகிறார், பொய் சொல்லாதவள் வெண்டைக்காயை வதக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன நியாயம் இது? அந்த நாளில் ஒரு பொம்பளை தனியாக ஓட்டலுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மீன் கொண்டு வாங்க என்று கேட்டுவிட முடியுமா? ஊர் சிரித்துவிடும். ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள் என்று கேட்கலாம்தான். வாசலுக்குள் நுழைந்த உடனே நாலு வீட்டு மூக்கும் நிமிர்ந்துவிடும்.

இதற்கு நடுவில் அந்தக் கேள்வி வேறு. தினமும் காலையில் நான் கிணற்றடியில் குடத்தை வைத்தால் போதும், வீட்டுக்காரம்மா அவள் வீட்டுப் பின்வாசலில் இருந்தே கேட்பாள்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

தமிழ்நாட்டில் எந்தப் பொம்பளையும் எந்தப் பொம்பளையிடமும் கேட்கிற கேள்விதான். சௌக்கியமா என்பதற்குப் பதிலாகக் கேட்பது. எனக்கு மட்டும் அது போலீஸ் கேட்கிற மாதிரி இருக்கும். "சாம்பார் க்கா." "தீயல் க்கா." "புளிக்கொழம்பு க்கா." அடுப்பில் உண்மையிலேயே சாம்பார்தான் கொதிக்கும். ஆனாலும் குடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன். தப்பே செய்யாமல் திருட்டு முழி முழிப்பது எப்படி என்று அந்த மூன்று வருஷத்தில் நான் படித்துக்கொண்டேன். வெறும் ரசம் வைத்தாலும் பின்வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிப்பேன்.

அவளைக் கெட்டவள் என்றும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாமே. நான் வைத்த முதல் சொதியைப் பார்த்து, "இது என்னட்டி, பால் திரிஞ்ச மாதிரி கெடக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு, முந்தானையைச் செருகி என் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேங்காயை மூன்று தரம் பிழியச் சொன்னாள். மூன்றாம் பாலில் பாசிப்பருப்பும் காயும் வேகணும், இரண்டாம் பால் நடுவில், கெட்டியான முதல் பால் கடைசியில். முதல் பாலை ஊற்றின பிறகு கொதிக்கவே விடக்கூடாது, நுரை கூடி வரும்போதே இறக்கிவிடணும். எலுமிச்சம்பழம் ஆறின பிறகுதான். "சூட்டோட பிழிஞ்சியோ, கசந்து போவும், சொல்லிட்டேன்." அன்றைக்கு அந்தச் சொதியை இஞ்சித் துவையலோடு சாப்பிட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மீன் ஞாபகமே வரவில்லை. மறுநாளே அந்த ஞாபகம் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

என் அம்மா ஒரு தடவை ஊரிலிருந்து பார்க்க வந்தாள். சும்மா வந்தாளா? பனையோலைப் பெட்டிக்குள் இரண்டு துணி சுற்றி நெத்திலிக் கருவாடு கொண்டு வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கும்போதே எனக்கு வாடை வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைக் கூடச் சோற்றில் மறைக்கலாம், கருவாட்டை எதில் மறைப்பது? அங்கேயே ஒரு பூக்காரியைக் கூப்பிட்டு அவ்வளவையும் அவள் கூடையில் கொட்டினேன். அம்மா காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம் வாய் திறந்தது.

"உன் வீட்டுக்காரன் பொய் சொன்னதுக்கு என் கருவாட்ட எதுக்குட்டி தூக்கிக் கொடுக்க? கூறு கெட்டவளே!"

வீடு வந்து சேரும் வரை அவள் என்னோடு பேசவில்லை. உள்ளே வந்து கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்த பிறகுதான், "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்றாவது வருஷம் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்தது. தபசுக்குக் கொடியேறிய பன்னிரண்டு நாளும் எனக்கு நிம்மதி. ஊரில் முக்கால்வாசி வீட்டில் சைவம்தான், என் வீட்டுக்காரருக்கும் பார்க்கப் போவதற்கு ஆள் கிடையாது. தபசு முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கே சட்டையை மாட்டிவிட்டார். பன்னிரண்டு நாள் பாக்கி அல்லவா? "ஒரு ஆளைப் பாத்துட்டு" என்று ஆரம்பித்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க. என் பங்குக்கும் சேத்துப் பாருங்க" என்றேன். அவர் காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இன்றைக்கு மீன் சாப்பிட்டே தீர்வது என்று உட்கார்ந்தேன். மீன் இல்லாமல் மீன்.

வீட்டில் நாலு மொந்தன் வாழைக்காய் இருந்தது. தோலின் மேல்நாரை மட்டும் சீவிவிட்டு, பச்சைத் தோல் ஒட்டியிருக்கும்படி சாய்வாக, பாறை மீன் துண்டம் போடுகிற கனத்தில் நறுக்கினேன். மஞ்சளும் புளித்தண்ணீரும் விட்டு அரை வேக்காடு. அம்மியில் வற்றல் மிளகாய், பெருஞ்சீரகம், பூண்டு, இரண்டு சின்ன வெங்காயம் வைத்து, கை எரிய எரிய அரைத்தேன். எங்கள் அம்மா மீனுக்கு அரைக்கிற அதே அரைப்பு. அதைத் துண்டங்களில் இரண்டு பக்கமும் தடவி ஊற வைத்தேன். இன்னொரு பக்கம் மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றி, தேங்காயும் மல்லியும் அரைத்துவிட்டு, கடைசி மாங்காயைக் கீறிப் போட்டேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்படி எங்கள் ஊர் அடுப்படி ஆகிவிட்டது. பால் இல்லை, நெய் இல்லை, எண்ணெயும் காயும் மசாலாவும்தான். இதைவிடச் சைவம் உலகத்தில் உண்டா?

தோசைக்கல்லில் துண்டங்களை அடுக்கினேன். ஓரம் கருகி, மேலே சிவந்து, தோல் பக்கம் சுருண்டு, அசல் மீன். பூண்டும் பெருஞ்சீரகமும் எண்ணெயில் பொரிகிற வாசம் சாத்திய கதவுக்கு அடியில் போய் முற்றத்தில் நின்றுவிட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கதவு படபடவென்று தட்டப்பட்டபோதுதான் உறைத்தது.

"ஏட்டி, கதவைத் தொற!"

திறந்தேன். வீட்டுக்காரம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு க்கா. மாங்கா போட்டு."

"கல்லுல என்னது?"

"வாழைக்கா."

அவள் எட்டிப் பார்த்தாள். கல்லைப் பார்த்தவள் இரண்டடி பின்னால் போனாள்.

"வாழைக்காயா? எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? தோலும் துண்டமுமா மீனு கெடக்கு, வாழைக்காங்க! அம்மன் தவசிருந்த மண்ணுல, அதுவும் எங்க வளவுல!"

சத்தத்துக்கு மற்ற வீடுகளும் வாசலுக்கு வந்துவிட்டன. நான் ஒரு துண்டத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கே இறங்கினேன். இந்தாருங்க, வாயில் போட்டுப் பாருங்க என்றேன். "சீ, கிட்ட கொண்டு வராத!" என்று பதறினாள். இரண்டாகப் பிட்டுக் காட்டினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"மீனும் உள்ள வெள்ளையாத்தான் இருக்கும்."

"அது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் தெருவுல நடக்க மாட்டனா? சந்தைக்குப் போவ மாட்டனா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையால்லா இருக்கு, என்னையவே கேள்வி கேக்கா!"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இதை மீன் இல்லை என்று யார் சொல்வது? சாப்பிட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அந்த வளவில் ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டார்கள், மீனாக இருந்துவிட்டால் என்ன செய்வது? சரி, வாயில் வைத்துவிட்டார்கள் என்றே வையுங்கள். மீனைத் தின்று பழகியவர் அல்லவா இது மீன் இல்லை என்று சொல்ல முடியும்? அப்படி ஒருத்தர் அந்த முற்றத்தில் இருந்தது நான் மட்டும்தான். அதை நான் சொல்லவும் முடியாது. என் கண் கிணற்றின் மேலேயே இருந்தது. வீடு போனால் இந்தத் தண்ணீர் போய்விடும், மறுபடியும் அந்தக் கல்லுப் பருப்புதான்.

அப்போதுதான் வீட்டுக்காரம்மாவின் புருஷன் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. பகல் தூக்கம் கெட்ட எரிச்சல் முகத்தில் இருந்தது.

"எதுக்கு இந்தச் சத்தம்? பூனையக் கூப்புடுங்க. மீனுன்னா அது விடுமா?"

கேட்டீர்களா தீர்ப்பை! நாலு குடும்பம் சுற்றி நிற்க, முற்றத்துக் கல்லில் நான் என் வாழைக்காய்த் துண்டத்தை வைத்தேன். எலிக்காக அவர்கள் வளர்த்த வெள்ளைப் பூனை, பால்சோறு தின்று கொழுத்தது, சாவகாசமாக வந்தது. மோந்து பார்த்தது. நாக்கால் ஒரு தடவு தடவியது. என் மிளகாய் அரைப்பு உறைத்திருக்கும், இரண்டு தும்மல் தும்மித் தலையை உதறிவிட்டு, கிணற்றடி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வாழைக்காதான்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். கூட்டமும் கலைந்துவிட்டது.

எனக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது. மூன்று வருஷம் தினம் ஒரு தரம் என்ன குழம்பு என்று கேட்டு, தினம் ஒரு தரம் நான் சொல்லி, அதற்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லை. பூனை வந்து சொல்லணும்! ஆனாலும் வீடு தப்பியது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டேன். அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்தாள். கையில் பித்தளைக் கிண்ணம். அதில் கோயில் புற்றுமண். அந்த ஊர்ப்பக்கம் நோய் என்றாலும் மனக்கஷ்டம் என்றாலும் அம்மன் கோயில் புற்றுமண்ணைத்தான் குழைத்து இடுவார்கள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவசரப்பட்டுட்டேன் ஏட்டி. அம்மன் வாசல்ல இருந்துக்கிட்டு ஒரு பொம்பளப்பிள்ள மேல அபாண்டமாப் பழி சொல்லிட்டேனே, அந்தப் பாவம் என்னையச் சும்மா விடுமா?" என்று சொல்லி, மண்ணைக் குழைத்து என் நெற்றியில் அவளே இட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. பெற்ற தாய் மாதிரி என் கன்னத்தைத் தடவினாள்.

"நீ நம்ம ஆளுல்லா. எனக்குத் தெரியாதா? வேற ஆளா இருந்தா மூணு வருசம் இப்படிச் சுத்தமா இருக்க முடியுமா?"

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கணும். ஆமாக்கா என்று ஒரு வார்த்தை, வீடு என்னுடையது, கிணறு என்னுடையது. ஆனால் நெற்றியில் ஈரமாக அம்மன் மண். அதற்குக் கீழே நின்றுகொண்டு என்னால் அந்த ஆமாவைச் சொல்ல முடியவில்லை. பயமா, கோபமா, இரண்டுமா என்று இன்றைக்கு வரை தெரியாது. சுத்தமா இருந்தது நான்தான், அதை ஏன் இந்த அம்மா வேறு யார் பெயரிலோ எழுதுகிறாள் என்று மட்டும் பொங்கியது.

"அக்கா, இது வாழைக்காதான். ஆனா நாங்க சைவம் இல்ல. கறி, மீனு எல்லாம் திங்குத ஆளுவதான். உங்க வீட்டுக்குள்ள வச்சு ஒரு நாளும் தின்னதில்ல. அதுக்கு மட்டும் இந்த மண்ணு சாட்சி."

அவள் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் மெல்ல எடுத்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம், நானும் இரண்டு கொடுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு குடம் தண்ணீரோடு கிணற்றடிக்கு வந்தாள். வாளியைக் கழுவினாள். அப்புறம் கயிற்றை உருளையிலிருந்து உருவி, நுனி முதல் நுனி வரை கை கையாக இழுத்து, அவ்வளவு நீளத்தையும் அலசினாள். மூன்று வருஷம் நான் பிடித்து இறைத்த கயிறு. கதவு இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார், வாய் சிவக்க. நடந்ததைக் கேட்டவுடன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பூனையே விடுதலை பண்ணிட்டு. நீ எதுக்குட்டி வாயத் தொறந்த? நுணலும் தன் வாயால கெடும்னு உன்னையப் பாத்துத்தான் சொல்லியிருக்கான்."

"என் நெத்தில மண்ணு இருக்குங்க."

"இருந்தா?"

இந்த மனுஷனுக்கு எதைச் சொல்லி விளக்குவது? அண்ணாச்சியிடம் போய்ப் பேசிப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணாச்சியின் தம்பி மகன் குடிவரப் போகிறானாம், மாதக் கடைசிக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்கணுமாம். அந்தத் தம்பி மகன் அது வரைக்கும் எங்கே இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. சொல்லி முடித்துவிட்டு அவர் பாட்டுக்கு அடுப்படிக்குள் போய், கல்லில் கிடந்த துண்டம் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றையும் போட்டார்.

"ஏட்டி, அப்படியே மீனுல்லா!"

ஓட்டலில் தின்றுவிட்டு வந்த வயிற்றில் என் மீனையும் முழுக்கத் தின்று தீர்த்தார். நான் ஒரு துண்டு கூடத் தின்னவில்லை. அன்றைக்கு எனக்குப் பசி என்பதே இல்லை.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. இந்தத் தடவை அவரை வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி நானே பேசினேன். எல்லாம் திங்கிற ஆளுங்கதான் என்றேன். வீட்டுக்கார ஆள், அதுக்கென்ன, தின்னுங்க என்றார். தண்ணீர் அதே உப்பு. முதல் நாளே துவரம்பருப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுப்புக்கு முன்னால் மூன்று மணி நேரம் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கிணற்றை நினைத்து அழுதேன், ஆமாம், வெட்கமில்லாமல் அழுதேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை மாட்டினார். வாசலில் மறித்து நின்றேன்.

"இன்னைக்கு எந்த ஆளையும் பாக்கப் போவாண்டாம். மீன் வாங்கிட்டு வாங்க."

மறுபேச்சு இல்லாமல் போய் பாறை மீன் வாங்கி வந்தார். உரசிக் கழுவி, அதே அரைப்பு அரைத்து, அதே மண்சட்டியில் புளி கரைத்து, மாங்காய் சீசன் போய்விட்டதால் தக்காளி போட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கையால் என் அடுப்பில் ஒரு மீன்குழம்பு. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. கொதி வந்து வாசம் கிளம்பியபோது, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது கூட இல்லை. துணி துவைக்கிற சத்தத்துக்கு நடுவில், ரொம்ப நாள் பழகினவள் மாதிரி கேட்டாள்.

"புது வீட்டுக்காரி! ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு க்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அந்தப் பக்கம் துவைக்கிற சத்தம் நின்றது. அப்புறம் ஒரே சிரிப்பு.

"புளிக்கொழம்பா? எங்க வீட்டுப் பூனை உன் பின்வாசல்ல வந்து உக்காந்து அரை மணி நேரமாச்சு!"

திரும்பிப் பார்த்தேன். பின்வாசல் கதவு சாத்தியிருந்தது. நான்தான் சாத்தியிருக்கிறேன். எப்போது சாத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்து போய்த் திறந்தேன். ஒரு சாம்பல் பூனை என்னைப் பார்க்கக் கூட இல்லை, நேராக அடுப்படிக்குள் போயிற்று.